கேஸ் தண்ணீரைப் போல இறங்கும்: ஒரு கேபின் படகின் சிலிண்டர் பெட்டி – நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிப் படகு. எந்தத் துறைமுகத்திலும் பதிவான படகு அல்ல. ஆனால் இதில் வரும் குறைகள் ஒவ்வொன்றும் சமையல் கேஸ் வைத்த படகுகளில் வழக்கமாகக் கிடைப்பவை. எல்லாவற்றையும் ஒரே படகில் கூட்டி வைத்து, ஒரு குறை அடுத்த குறைக்கு எப்படி வழிவிடுகிறது என்று கணக்கோடு பார்ப்பதுதான் நோக்கம். இரவுக் காட்சியின் அளவுகள் மாதிரிக்காக வைத்தவை. கேஸின் இயல்பு, தர விதிகள் பற்றிய எண்கள் உண்மையானவை.

படகும் அதன் கேஸ் அமைப்பும்

நீளம் 9.5 மீட்டர். ஃபைபர் உடல், டீசல் எஞ்சின், நாலு பேர் படுக்கிற கேபின். பின்பக்கத்தில் உட்காரும் பலகைக்கு அடியில் சிலிண்டர் பெட்டி: அடிப்பரப்பு 50க்கு 50 சென்டிமீட்டர், உயரம் 70. மூடி மேல்நோக்கித் திறக்கும். அடியிலிருந்து 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ரப்பர் வடிகுழாய் படகின் பக்கச்சுவருக்குப் போய் வெளியே திறக்கிறது. பெட்டிக்குள் ஒரு சிலிண்டர், அதன் வால்விலேயே நேராக மாட்டிய ரெகுலேட்டர். ரெகுலேட்டரிலிருந்து 1.8 மீட்டர் ரப்பர் டியூப் கிளம்பி, பெட்டியின் சுவரில் போட்ட ஒரு துளை வழியாக எஞ்சின் அறைக்குள் நுழைந்து, அதற்கப்புறம் கேபினில் செம்புக் குழாயோடு சேர்கிறது. அடுப்பில் இரண்டு பர்னர், ஒரு ஓவன். எல்லாம் எரிந்தால் 6 கிலோவாட். புகைபோக்கி கிடையாது. கேபின் சுவரில், கண் மட்டத்தில், ஒரு கேஸ் அலாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பொறுப்பான அமைப்பு. தனிப் பெட்டி இருக்கிறது, வடிகுழாய் இருக்கிறது, அலாரமும் இருக்கிறது. இந்தப் படகின் ஆபத்து இல்லாத பொருளில் இல்லை. இருக்கிற பொருள் தன் வேலையைச் செய்யாமல் இருப்பதில் இருக்கிறது. பார்த்துவிட்டுச் சரி என்று டிக் போடுகிற பரிசோதனை இதைப் பிடிக்காது.

இரவு நடப்பது

மாலையில் சிலிண்டர் தீர்ந்துபோக, புதிது மாட்டுகிறார்கள். ரெகுலேட்டர் வாயிலுள்ள ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் உப்புக் காற்றிலும் வெயிலிலும் இறுகி, ஒரு பக்கம் கீறலிட்டிருக்கிறது. மாட்டியபின் சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்க்கவில்லை. பர்னர் பற்றியதும் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். இரவு ஒன்பது மணிக்குச் சமையல் முடிந்து அடுப்புக் குமிழ்களை மூடியாயிற்று. சிலிண்டர் வால்வு திறந்தே இருக்கிறது.

கசிவு மணிக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய பர்னர் முழுச் சுடரில் எரிக்கும் கேஸில் இது மூன்றில் ஒரு பங்குதான். ப்ரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ் கிலோவுக்கு ஏறத்தாழ 470 லிட்டர் ஆவியாகும். ஆக, மணிக்குச் சுமார் 19 லிட்டர்.

ப்ரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. அது மேலே எழும்பாது. பெட்டியின் அடியில் தேங்கும். வடிகுழாய் தன் வேலையைச் செய்திருந்தால் அந்தக் கேஸ் வழிந்து, படகின் பக்கவாட்டில் இறங்கி, நீர்ப்பரப்பின் மேல் காற்றோடு கலைந்துபோயிருக்கும். ஆனால் வடிகுழாய் நடுவில் ஒரு கை அகலத்துக்குத் தொய்ந்து கிடக்கிறது. அந்தத் தொய்வில் தண்ணீர் நிற்கிறது. கேஸ் வெளியே போக வழியில்லை.

சுவரில் டியூப் நுழையும் துளை பெட்டியின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிப் பூசிய சீலன்ட், எஞ்சின் அதிர்விலும் டியூப் அசைவிலும் விட்டுப்போய்விட்டது. அந்த உயரம்வரை பெட்டி கொள்வது 12.5 லிட்டர். நாற்பது நிமிடத்தில் கேஸ் துளையை எட்டி, எஞ்சின் அறைக்குள் வழியத் தொடங்குகிறது. அங்கிருந்து பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்துக்கு இறங்குகிறது.

விடியற்காலை ஐந்தரைக்குள் பில்ஜுக்குப் போனது ஏறத்தாழ 150 லிட்டர். பலகைகளுக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் 3 கன மீட்டர் என்றால் சராசரி 5 சதவீதம். கலப்பு கேஸ் தீப்பற்றும் எல்லை ஏறத்தாழ 2 முதல் 9 சதவீதம். நடுவில் வந்து நிற்கிறது. உண்மையில் அது ஒரே சீராகக் கலந்திருக்காது. அடியில் கெட்டியாகவும் மேலே நீர்த்தும் இருக்கும். அதனால் ஆபத்து குறைவதில்லை. கெட்டியான அடுக்குக்கும் நீர்த்த அடுக்குக்கும் இடையே எங்கோ ஓர் அடுக்கு கட்டாயம் பற்றும் அளவில் இருக்கும்.

அலாரம் ஒலிக்கவில்லை. அது கண் மட்டத்தில் இருக்கிறது. கேஸ் பலகைக்குக் கீழே இருக்கிறது. தூங்குகிறவர்களின் மூக்கும் பலகைக்கு மேலே இருக்கிறது. கேஸில் கலக்கும் நாற்றப்பொருள், பற்றும் அளவின் ஐந்தில் ஒரு பங்கிலேயே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கில் சேர்க்கப்படுவது. ஆனால் அந்தக் கணக்கு கேஸ் மூக்கை எட்டினால்தான் பலிக்கும்.

தீப்பொறி எங்கே இருந்தது

டீசல் படகுக்காரர்களிடம் ஒரு நிம்மதி உண்டு: பெட்ரோல் இல்லை, அதனால் ஆவி இல்லை, வெடிப்பு இல்லை. இந்த நிம்மதிதான் இங்கே எதிரி. பெட்ரோல் எஞ்சின் அறையில் வைக்கும் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஊதுவிசிறி எல்லாம் உள்ளே பொறி பறந்தாலும் வெளியே தீ பரவாதபடி செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். டீசல் படகில் அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லாததால், சாதாரண மின்சாதனங்களே இருக்கும். அப்படிப்பட்ட அறைக்குள் கேஸை இறக்கிவிட்டால் பெட்ரோல் படகைவிட மோசமான நிலைமை.

யாரும் எதையும் தொடாமலே பொறி வரலாம். குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட் தானாக ஒட்டும். பில்ஜில் தண்ணீர் ஏறினால் மிதவைச் சுவிட்ச் பம்பை ஓட்டும். அந்த மின்சுற்றில் திறந்த ரிலே இருந்தால் அது ஒட்டும்போது பொறி பறக்கும். மூடிய இடத்தில் ப்ரொப்பேனும் காற்றும் சரியான விகிதத்தில் எரிந்தால் அழுத்தம் 8 பார்வரை ஏறக்கூடியது. ஃபைபர் மேல்தளமும் உடலும் சேரும் தையல் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. உயிர்ச்சேதத்தைத் தப்பினாலும் படகு மூழ்கும்.

நமது மாதிரியில், ஐந்தரை மணிக்கு எஞ்சினைக் கிளப்பும் முன் எண்ணெய் பார்க்க ஒருவர் பலகையைத் தூக்குகிறார். நாற்றம் முகத்தில் அடிக்கிறது. வெடிப்புக்கும் இவர்களுக்கும் இடையே இருந்தது அந்த ஒரு பழக்கம்தான்.

அடுத்த பத்து நிமிடம்

நாற்றம் வந்ததும் கை தானாகப் போகிற இடங்கள் இரண்டு. ஒன்று ஊதுவிசிறிச் சுவிட்ச், மற்றொன்று பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச். இரண்டும் தவறு. விசிறி மோட்டார் பொறிகாப்பு உள்ளதா என்பது அந்த நேரத்தில் தெரியாது. இருந்தாலும் சுவிட்ச் பொறி விடலாம். பேட்டரிச் சுவிட்ச், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது துண்டிக்கப்பட்டால் ஒட்டும்போதைவிடப் பெரிய பொறியை விடும். விளக்கை அணைப்பதும் பொறிதான், போடுவதும் பொறிதான். இருக்கிறபடியே விட வேண்டும்.

சரியான வரிசை இது. எரிகிற சுடர் எதுவும் இருந்தால் அணை. தூங்குகிறவர்களைக் குரல் கொடுத்து எழுப்பி, எல்லோரையும் வெளியே அனுப்பு. கைபேசியைத் தொடுவது வெளியே போன பிறகுதான். போகிற வழியில் கேபின் கதவும் மேல் மூடிகளும் திறந்தபடி இருக்கட்டும். சிலிண்டர் பெட்டி வெளியிலிருந்து திறப்பது என்பதால், வெளியே நின்றபடியே வால்வை மூடலாம். பெட்டிகள் ஏன் கேபினுக்குள் திறக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

பிறகு கேஸை வெளியேற்றுவது. அது தானாக மேலே வராது; கிண்ணத்தில் ஊற்றிய தண்ணீர்போல பில்ஜில் கிடக்கும். கையால் அடிக்கும் பில்ஜ் பம்ப் இருந்தால், உறிஞ்சு வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி செய்து, நூறு இருநூறு அடி அடித்தால் கனமான கேஸையும் அது இழுத்து வெளியே தள்ளும். பம்ப் வெளித்தளத்திலிருந்து இயங்குவதாக இருந்தால் மட்டும் இது செய்யத் தக்கது. அது இல்லாவிட்டால் திறந்த மூடிகளில் காற்றைத் திருப்பிவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதுதான் வழி. நாற்றம் போய்விட்டது என்பதை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது. கொஞ்ச நேரம் முகர்ந்த மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகி உணர்வை இழந்துவிடும். கையில் பிடிக்கும் கேஸ் அளவியைப் பில்ஜின் மிகத் தாழ்ந்த மூலைக்கு இறக்கிப் பார்த்த பிறகுதான் மின்சாரத்தைத் தொட வேண்டும்.

இடையில் தானியங்கிப் பம்ப் ஒட்டிவிட்டால்? அந்தக் கேள்விக்குப் படகில் நின்றுகொண்டு பதில் தேட முடியாது. அதனால்தான் ஆட்கள் முதலில், கேஸ் அப்புறம்.

வடிகுழாயை ஏன் இவ்வளவு கவனிக்கிறோம்

மேலே எண்ணிய குறைகளில் ஓ-ரிங்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். எங்கள் கணிப்பு வேறு. ஓ-ரிங் என்றைக்காவது கீறும், டியூப் என்றைக்காவது வெடிக்கும். அப்படி நடக்கும் என்று ஒப்புக்கொண்டுதான் பெட்டியே கட்டப்படுகிறது. கசிவைப் படகுக்கு வெளியே கொண்டுபோய் விடுவதற்காக வைத்த பாதை அடைபட்டதுதான் இந்த நிகழ்வின் முதுகெலும்பு.

பெட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கேஸ் தேங்கி நின்றால், அது வடிகுழாய்க்குள் தள்ளும் அழுத்தம் எவ்வளவு? கலப்பு கேஸின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.15 கிலோ, காற்று 1.2. வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிட்டால் 3 பாஸ்கலுக்கும் குறைவு. தண்ணீர் உயரமாகச் சொன்னால் 0.3 மில்லிமீட்டர். தொய்வில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதைத் தள்ள 98 பாஸ்கல் வேண்டும். முப்பது மடங்குக்கும் மேல் பலம் தேவை. கழிப்பறைப் பீங்கானின் வளைவில் நிற்கும் தண்ணீர் நாற்றத்தைத் தடுப்பதுபோல, இந்தத் தண்ணீர் கேஸைத் தடுத்துவிடுகிறது. வடிகுழாய் கண்ணுக்குத் திறந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் போகவும் செய்கிறது. கேஸ் மட்டும் போகாது.

இங்கேதான் வழக்கமான சோதனை ஏமாற்றும். ஒரு வாளித் தண்ணீரைப் பெட்டியில் கொட்டி, வெளியே வந்துவிட்டது என்று திருப்தி அடைவார்கள். வாளித் தண்ணீருக்குத் தொய்வைத் தாண்டும் பலம் இருக்கிறது. சோதித்து முடித்ததும் கடைசித் தண்ணீர் தொய்விலேயே தங்கி, சோதனையே அடைப்பை உண்டாக்கிவிடுகிறது. சரியான சோதனை: குழாயைக் கண்ணால் முழு நீளமும் பார்ப்பது, பெட்டியிலிருந்து வாய்வரை தொடர்ந்த இறக்கம் இருக்கிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிய பிறகு வெளிவாயில் லேசாக ஊதிப் பார்ப்பது. ஊதும்போது குமிழும் சத்தம் கேட்டால் தண்ணீர் நிற்கிறது.

தண்ணீர் அங்கே எப்படி வந்தது? சிறு படகுகளின் கேஸ் அமைப்புக்கான ஐஎஸ்ஓ 10239 தரம், வடிகுழாயின் உள்விட்டம் 19 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேல் 75 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் படகு வெறுமையாக நிற்கும்போது வாய் நீர்மட்டத்துக்கு 90 மில்லிமீட்டர் மேலே. நாலு பேர் பின்பக்கம் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியும் நிரம்பினால் பின்பக்கம் தாழ்ந்து, சின்ன அலைக்கே வாய் முழுகும். அளக்க வேண்டியது முழுச் சுமையில். வெறும் படகில் அளந்த 75 மில்லிமீட்டர் அளவே அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. வாய்க்கு 30 சென்டிமீட்டர் தள்ளி எஞ்சின் அறையின் காற்றுத்துளை. வடிகுழாய் சரியாக வேலை செய்திருந்தாலும், காற்று அசையாத இரவில் வெளியேறிய கேஸை அந்தத் துளை திரும்ப உள்ளே வாங்கியிருக்கலாம். வடிவாய்க்கும் படகுக்குள் திறக்கும் எந்தத் துளைக்கும் இடையே அரை மீட்டராவது வேண்டும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சி 20 அங்குலம் என்று வைத்திருப்பதும் ஏறத்தாழ அதே அளவுதான்.

விட்டம் ஏன் 19 என்பதையும் பார்த்துவிடலாம். டியூப் முழுதாக அறுந்து ரெகுலேட்டர் மணிக்கு 1.5 கிலோ விடுகிறது என்றால் நொடிக்கு 0.2 லிட்டர். 19 மில்லிமீட்டர் குழாயில் அது நொடிக்கு 0.7 மீட்டர் வேகம். அந்த 3 பாஸ்கலால் இயலக்கூடியது. அதே கேஸ் 10 மில்லிமீட்டர் குழாயில் போக நொடிக்கு 2.5 மீட்டர் வேகம் வேண்டும், இயலாது. பெட்டி நிரம்பி வழியும். குழாயின் வாயில் வண்டு புகாமல் இருக்க நுண்வலை கட்டுவதும் இதே காரணத்தால் தவறு. உப்புப் படிந்து மாதக்கணக்கில் அடைத்துக்கொள்ளும்.

பெட்டியைத் திருத்துவது

ரெகுலேட்டரைச் சிலிண்டரிலிருந்து எடுத்து, பெட்டியின் சுவரில், வால்வைவிட உயரத்தில், திருகி வைக்க வேண்டும். உப்புக் காற்றுக்குத் தாங்கும் வகையாக இருக்கட்டும். சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே உயர் அழுத்தம் தாங்கும், முனைகள் தொழிற்சாலையிலேயே இறுக்கப்பட்ட சிறு டியூப். அரை மீட்டர் போதும். திருகிக் கட்டும் கிளிப் போட்ட சாதாரண டியூப் இந்த இடத்துக்கு ஆகாது. ரெகுலேட்டருக்குமுன் உள்ள அழுத்தம் ப்ரொப்பேனில் வெயில் நாளில் 10 பாரைத் தாண்டும்.

எஞ்சின் அறை வழியே ரப்பர் டியூப் போவது முழுக்க நீக்கப்பட வேண்டியது. பெட்டியிலிருந்து அடுப்புவரை ஒரே துண்டு செம்புக் குழாய், நடுவில் இணைப்பு இல்லாமல். அரை மீட்டருக்கு ஒரு பிடி, அதிர்வில் குழாய் தேயாதபடி பிடிக்குள் ரப்பர். அடுப்பு ஆடும் வகையாக இருந்தால் கடைசியில் மட்டும் ஒரு டியூப், ஒரு மீட்டருக்கு மிகாமல். டியூபின் மேல் அச்சிட்ட தேதியைப் படித்து, தயாரிப்பாளர் சொன்ன ஆயுள் முடிந்தால் மாற்ற வேண்டும்; விரலால் மடக்கினால் கீறல் தெரியும் டியூபுக்குத் தேதி பார்க்கவே தேவையில்லை.

சுவரில் குழாய் கடக்கும் இடத்தில் சீலன்ட் மட்டும் நம்பத் தகுந்தது அல்ல. ஆவி புகாத கடப்பு இணைப்பு போட்டு இறுக்க வேண்டும். இயன்றால் துளையைப் பெட்டியின் மேல்பாதிக்கு மாற்ற வேண்டும். அடியில் 5 சென்டிமீட்டரில் இருந்த துளை 60 சென்டிமீட்டரில் இருந்திருந்தால், அன்றிரவு கேஸ் அதை எட்ட நாற்பது நிமிடம் அல்ல, கலக்காமல் தேங்கியிருந்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவி. அலையில் அசையாதபடி வார் போட்டுக் கட்டி, அடிவளையம் துருப்பிடிக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு போடலாம், ஆனால் அது வடிதுளையை மூடக் கூடாது. பெட்டியில் வேறெதுவும் வைக்கக் கூடாது. கயிறு, நங்கூரச் சங்கிலி, துணி என்று சேர்ந்தால் ஒன்று வால்வைத் தட்டும், இல்லையென்றால் வடிதுளையில் போய் அடைக்கும்.

மாற்றுச் சிலிண்டரைப் படுக்கைக்கடியில் வைப்பது மிகப் பரவலான தவறு. முழுச் சிலிண்டரும் காலிச் சிலிண்டரும் ஒரே விதிக்குள்தான் வரும். காலி என்று சொல்வதற்குள்ளும் ஆவி இருக்கிறது. முகாம் அடுப்புக்கான சிறு கேன்களுக்கும் அதே இடம்தான். பெட்டியில் இடம் இல்லையென்றால் பின்கம்பியில் படகுக்கு வெளிப்புறமாகக் கட்டலாம். விழும் கேஸ் நேராக நீர்மேல் விழ வேண்டும், உட்காரும் குழிக்குள் அல்ல.

கசிவைக் கண்டுபிடிப்பது

பெட்டிக்குள், சிலிண்டர் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே ஓர் அழுத்தமானி வைத்தால் செலவும் குறைவு, பலன் மிக அதிகம். அடுப்புக் குமிழ்களை மூடு, சிலிண்டரைத் திற, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள், சிலிண்டரை மூடு. மூன்று நிமிடம் முள் இறங்கக் கூடாது. ஏபிஒய்சி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறது. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் செய்வது அதைவிட நல்லது. மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு இருந்தால் சோதனையின்போது அது திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் பாதிக் குழாய்தான் சோதிக்கப்படும்.

மூன்று நிமிடம் போதுமா? மானிப் பக்கத்தில் அடைபட்டிருக்கும் இடம் 100 மில்லிலிட்டர், அழுத்தம் 5 பார் என்று கொண்டால், நம் மாதிரியின் 40 கிராம் கசிவு இரண்டு நிமிடத்துக்குள் முள்ளைச் சுழியத்துக்கு இறக்கிவிடும். அதில் பத்தில் ஒரு பங்கு கசிவுகூட மூன்று நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறக்கும், கண்ணுக்குத் தெரியும். அன்று மாலை இந்த ஒரு சோதனை நடந்திருந்தால் மற்ற எல்லாக் குறைகளும் இருந்தபடியே இருந்தாலும் இரவு அமைதியாகப் போயிருக்கும்.

முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவி, குமிழ் வரும் இடத்தைக் காண வேண்டும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் பித்தளையைக் கெடுக்கும், அது வேண்டாம். சிலிண்டர் வால்வின் தண்டு கசிந்தால் மானி காட்டாது, ஆகவே அங்கும் சோப்பு. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றே உண்டு: இன்றே நிறுத்துங்கள்.

கேஸ் அலாரத்தின் உணரி பில்ஜின் தாழ்ந்த பகுதியில், தேங்கும் தண்ணீர் நனைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். சத்தம் எழுப்பும் பெட்டி தலைமாட்டில். உணரிக்கு ஆயுள் உண்டு, சிலிகோன் ஆவி பட்டால் இன்னும் சீக்கிரம் செத்துவிடும். பொத்தானை அமுக்கினால் சத்தம் வருவது சத்தம் வரும் என்பதைத்தான் காட்டும், உணரி உயிரோடிருப்பதை அல்ல. அடுப்பு பர்னர் ஒவ்வொன்றிலும் தெர்மோகப்பிள் எனப்படும் வெப்ப உணரி கொண்ட காப்பு வேண்டும். காற்றில் சுடர் அணைந்தால் ஒரு நிமிடத்துக்குள் அது கேஸை நிறுத்தும்.

காற்றோட்டம் வேறு கதை

இந்தப் படகில் இன்னொரு ஆபத்தும் இருந்தது, அதற்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை. குளிரும் பூச்சியும் வரக் கூடாதென்று கேபினின் காற்றுத்துளைகளில் துணி அடைத்திருந்தார்கள். கசிவைக் கண்டவர்கள் உடனே துணியை எடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது உண்டு. தீராது. கேபின் சுவரிலுள்ள துளைகள் பில்ஜில் கிடக்கும் கேஸைத் தொடுவதே இல்லை. கசிவுக்கு மருந்து பெட்டியும் வடிகுழாயும். காற்றோட்டம் என்பது எரிந்த கேஸுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கன மீட்டர் ப்ரொப்பேன் முழுதாக எரிய 24 கன மீட்டர் காற்று வேண்டும். 6 கிலோவாட் அடுப்பு முழுக்க எரிந்தால் மணிக்கு ஐந்தரை கன மீட்டருக்கு மேல். சின்ன கேபினின் மொத்தக் காற்றே பத்துப் பன்னிரண்டு கன மீட்டர்தான். எரியும் ஒவ்வொரு கிலோ ப்ரொப்பேனுக்கும் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். கண்ணாடியில் வழியும் நீர் காற்று போதவில்லை என்பதன் முதல் அடையாளம். ஆக்சிஜன் குறையக் குறையச் சுடர் நீலம் விட்டு மஞ்சளாகும், கார்பன் மோனாக்சைடு பெருகும். அது மணமற்றது, நிறமற்றது, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்வது. பத்து லட்சத்தில் 800 பங்கு இருந்தாலே முக்கால் மணியில் தலைச்சுற்றும் குமட்டலும், இரண்டு மூன்று மணியில் மரணமும்.

2014ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் எஷ்கால் என்ற மீன்பிடி படகில் இரண்டு இளம் மீனவர்கள் இறந்து கிடந்தார்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பின் கிரில்லை எரியவிட்டுத் தூங்கியிருந்தார்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் படகில் இல்லை. சமைக்கிற அடுப்பை அறையைச் சூடாக்கப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியின் விலை அது.

பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கு வழக்கத்தில் உள்ள கணக்கு எளிது: புகைபோக்கி இல்லாத கருவிகளின் கிலோவாட்டுக்கு 2200 சதுர மில்லிமீட்டர், ஆளுக்கு 650. இந்தப் படகுக்கு 6 கிலோவாட், நாலு பேர்: 13,200 உடன் 2,600, ஆக 15,800. அதாவது 158 சதுர சென்டிமீட்டர், மூட முடியாத திறப்பாக. பாதி மேலே, பாதி கீழே. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூரைத் துளை 78 சதுர சென்டிமீட்டர் போலத் தெரியும். உள்ளே வலையும் தண்டும் போக மிஞ்சுவது மிகக் குறைவு. தயாரிப்பாளர் தரும் பயன்பரப்பை எடுத்துக் கூட்ட வேண்டும், வெளிவிட்டத்தை அல்ல. பூச்சிவலை போட்டால் மாதம் ஒருமுறை துலக்க வேண்டும். கீழ்த்துளைகளைச் சிலிண்டர் பெட்டி இல்லாத பக்கத்தில் வைக்க வேண்டும்.

மோனாக்சைடு அலாரம் கேஸ் அலாரம் அல்ல. அந்த வாயு ஏறத்தாழக் காற்றின் எடைதான், ஆகவே தாழ்வில் வைத்துப் பயனில்லை. தூங்குகிறவரின் மூச்சு மட்டத்தில், அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. படகுகளுக்கான ஐரோப்பிய இஎன் 50291-2 தரத்திலுள்ளது, பத்து லட்சத்தில் 50 பங்கு மோனாக்சைடு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணிக்குள்ளும், 300 பங்கு இருந்தால் மூன்று நிமிடத்துக்குள்ளும் ஒலிக்கும். வீட்டுக்கான முதல் பாகத் தரத்திலுள்ள (50291-1) அலாரத்தை வாங்கினால் அதிர்வையும் ஈரத்தையும் தாங்குவது உறுதியில்லை.

திருத்தத்துக்குப் பின்

மாதிரிப் படகில் செய்தது: வடிகுழாய்க்குப் பதில் விறைப்பான 25 மில்லிமீட்டர் குழாய், மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இறக்கத்தில், வெளிவாய் முழுச் சுமையில் நீர்மட்டத்துக்கு 110 மில்லிமீட்டர் மேலே, எஞ்சின் காற்றுத்துளைக்கு 70 சென்டிமீட்டர் தள்ளி. டியூப் துளை அடைத்து மேலே மாற்றியாயிற்று. சுவர் ரெகுலேட்டர், அழுத்தமானி, ஒரே துண்டு செம்பு. கேஸ் உணரி பில்ஜில், மோனாக்சைடு அலாரம் தலைமாட்டில். இரவு அடுப்பை மூடுகிற வரிசையும் மாறியது: பர்னர் எரியும்போதே சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து சுடர் தானாக அணைந்ததும் குமிழை மூடுவது. காலையில் வால்வைத் திறக்குமுன் பலகையைத் தூக்கி முகர்ந்து பார்ப்பது.

ஓ-ரிங்குகள் நான்கு, பெட்டி மூடியின் உட்புறம் சிறு பையில் தொங்குகின்றன. ஒவ்வொரு சிலிண்டர் மாற்றத்திலும் ஒன்றை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழையது விரலில் அழுத்தினால் திரும்ப உருண்டை வடிவுக்கு வராவிட்டால் அது குப்பைக்கு.